மூண்டு கொப்பியின் இத்தாலி விசா

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அது தன் பெயர்தானா என்று பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்து உறுதி செய்துகொண்ட மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்திருப்பார். அந்த ஒருவர் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தார்.

எழுபதுகளின் நடுவில், மெல்போர்ன் நகரத்துக் கழிவுநீர்க் குழாய்களுக்கு வரைபடம் போடும் அலுவலகத்தில் எனக்கு வேலை. மதுரையிலிருந்து போய் இறங்கியவன் நான். யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்து அங்கேயே தங்கிவிட்டவர் அவர். அந்த மாடியில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டே பேர். முதல் நாளே ஒரு படத்தை என் பக்கம் நகர்த்தி, "தம்பி, மூண்டு கொப்பி வேணும்" என்றார். நானும் மரியாதையாகக் கீழே கேன்டீனுக்குப் போய், மூன்று காப்பி வாங்கித் தட்டில் வைத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் மாடியேறி வந்தேன்.

"என்ன காணும் இது?"

"நீங்கதானே சார் மூணு காப்பி கேட்டீங்க?"

"ஐயோ, அது கோப்பி! நான் கேட்டது கொப்பி. படத்தைப் பிரதி எடும் எண்டனான்."

அன்றிலிருந்து முகத்துக்கு நேரே அவர் எனக்கு 'சார்'. முதுகுக்குப் பின்னால் 'மூண்டு கொப்பி'.

எதுவாக இருந்தாலும் அவருக்கு மூன்று பிரதி வேண்டும். ஒன்று அவருடைய தோல் பையில், ஒன்று வீட்டில், ஒன்று நம்பிக்கையான ஆளிடம். நான் வந்து ஒரு மாதத்தில் அந்த நம்பிக்கையான ஆளாக என்னை நியமித்தார். என் மேசையின் கீழ் இழுப்பறை பறிபோனது.

"எதுக்கு சார் இத்தனை?"

"வீடு எரிஞ்சால்?"

"உங்க பையில இருக்குமே."

"நானும் எரிஞ்சால்?"

"நீங்களே எரிஞ்ச பிறகு பேப்பர் எதுக்கு சார்?"

என்னை இரக்கத்தோடு பார்த்தார். "எரிஞ்சது ஆர் எண்டு தெரிய வேண்டாமே?"

ஆஸ்திரேலியக் குடியுரிமைக்கு அவர் விண்ணப்பிக்காததும் இதனால்தான். "உள்ள பாஸ்போட்டைக் குடுத்தாத்தான் புதுசு தருவாங்கள். குடுத்ததுக்கும் வாங்கினதுக்கும் இடையிலை ட்ராமிலை அடிபட்டுச் செத்தால், என்னை எந்த நாட்டுக் கணக்கிலை புதைப்பாங்கள்?" இந்தக் கேள்வியைக் குடிவரவு அலுவலகத்துக்கே எழுதிக் கேட்டிருந்தார். அங்கிருந்து இன்னும் பதில் வரவில்லையாம்.

இப்படிப்பட்டவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது என்பதே அலுவலகத்தில் பலருக்கு வியப்பு. மனைவி ரோசா, இத்தாலிக்காரி. கார்ல்டன் பக்கம் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்தாள். ஒரு நாள் ட்ராமில் இவர் தன் பக்கத்து இருக்கையில் தோல் பையை உட்கார வைத்திருந்தாராம். ஏறி வந்த ரோசா அதை நகர்த்தச் சொல்லியிருக்கிறாள். "முக்கியமான பேப்பர்" என்று இவர் சொல்ல, அவள் அந்தப் பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். தன் பிறப்புச் சான்றிதழின் மேல் உட்கார்ந்த பெண்ணை வேறு என்ன செய்வது என்று தெரியாமல், ஒரு வருடம் கழித்துக் கல்யாணம் செய்துகொண்டார்.

ரோசா நன்றாகத் தமிழ் பேசுவாள். ஆனால் அதை அவள் கற்றது, இவரோடு முன்பு ஒரே வீட்டில் குடியிருந்த பிரம்மச்சாரி நண்பர்களிடம். அதனால் கணவனை 'டேய்' என்றுதான் கூப்பிடுவாள். முதல் தடவை நான் சாப்பிடப் போனபோது குசினியிலிருந்து, "டேய், சோறு ஆறுது, வாடா!" என்று குரல் வந்தது. நான் திகைத்து எழுந்து நின்றுவிட்டேன். "இரும் தம்பி, உம்மையில்லை, என்னை" என்றார் அவர், பெருமையோடு.

அந்தக் குசினியில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடிதம் பிரிக்கப்பட்டது.

ரோசாவின் அப்பா மெல்போர்னுக்குப் பக்கத்தில் வெரிபீயில் இருபது வருடம் காலிஃபிளவர் தோட்டம் போட்டவர். மகள் கட்டிக்கொள்ள இருந்த மாப்பிள்ளையைப் பார்க்க மறுத்து, கல்யாணத்துக்கு முந்தின மாதம் தோட்டத்தை விற்றுவிட்டு, இத்தாலியில் மலையடிவாரத்துச் சொந்த ஊருக்கே போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை. இப்போது எழுதியிருந்தார். நெஞ்சு சரியில்லை, படுக்கையில் இருக்கிறேன். ஈஸ்டருக்கு வா. அந்த ஆளையும் கூட்டி வா.

தமிழில் சொல்லி முடித்த ரோசா கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அழுதாள். மூண்டு கொப்பி அதை எடுத்து, புரியாத மொழியில் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"'அந்த ஆள்' எண்டுதானே எழுதியிருக்கிறார்? பேர் இல்லையே. அது நான்தான் எண்டு விசா தாற கொன்சலேற் ஒத்துக்கொள்ளுமோ?"

சிக்கல் இதுதான். ரோசா இன்னும் இத்தாலியப் பாஸ்போர்ட்டையே வைத்திருந்தாள். அவள் கதவைத் தள்ளிக்கொண்டு போகலாம். அவள் கணவருக்கு இலங்கைப் பாஸ்போர்ட். ஒவ்வொரு கதவையும் தட்டவேண்டும். அதுவும் ஒரு கதவல்ல, இரண்டு. ரோசாவின் அண்ணன் பிரான்ஸில் கார் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தான். அவன் குழந்தைக்கு ஞானஸ்நானம், ரோசாதான் ஞானத்தாய். அந்தத் தேதி முதலில் வந்தது. ஆகவே ரோமில் இறங்கி, உடனே ரயிலேறிப் பிரான்ஸ் போய், சடங்கு முடிந்து, மறுபடி இத்தாலிக்கு வந்து அப்பாவைப் பார்ப்பது என்று திட்டம்.

அண்ணன் தைரியமாக எழுதியிருந்தான்: இப்போது ஐரோப்பா எல்லாம் ஒரே பொதுச் சந்தை, எங்கள் ஆளைக் கட்டியவர்களை யாரும் கேட்க மாட்டார்கள்.

மூண்டு கொப்பி ஏற்கவில்லை. "சந்தை எண்டால் தக்காளி போகும். நான் தக்காளியே?"

அதற்குப் பிறகு இரண்டு மாதம் எங்கள் அலுவலகத்தில் குழாய்கள் எந்தப் பக்கம் ஓடின என்று எனக்கு நினைவில்லை. பிரெஞ்சுத் தூதரக அலுவலகம், இத்தாலியத் தூதரக அலுவலகம், அம்மைத் தடுப்பூசி, ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பி வர அனுமதி என்று மதிய இடைவேளை எல்லாம் ஓட்டம். விசாப் படத்திலிருக்கும் மீசையும் முகத்திலிருக்கும் மீசையும் ஒத்துப்போகவேண்டுமே என்று, தினமும் காலையில் வரைபடம் போடும் கவராயத்தால் மீசையை அளந்து ஒரு தாளில் குறித்துக்கொள்வார். "இடப்பக்கம் ரெண்டு மில்லிமீற்றர் கூடிப்போச்சு, தம்பி" என்று கலவரத்தோடு கழிவறைக்குக் கத்தரிக்கோலுடன் போவார். வலப்பக்கம் குறைந்துவிட்ட நாட்களில் சாப்பிடவே மாட்டார்.

நேர்முகத்துக்கு ஒத்திகை வேறு. குசினியில் என்னைக் கதிரையில் உட்கார வைத்து, தூதரக அதிகாரியாக்கினார். அவர் எதிரே பையோடு நின்றார்.

"உங்க மனைவிக்கு விசா வேண்டாம். உங்களுக்கு மட்டும் எதுக்கு?" என்றேன், அதிகாரக் குரலில்.

நெற்றி வேர்த்தது. "அவ இத்தாலி. நான்... நான் அவவின்ரை புருசன்."

"அதுக்கு என்ன ஆதாரம்?"

அவர் பையைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து ரோசா திரும்பினாள். "டேய், நான் இஞ்சை நிக்கிறன். நான் காணாதோ?"

"காணாது, போதாது" என்றார் உண்மையான வருத்தத்தோடு. "ஒரிஜினல் நிண்டாலும் கொப்பி வேணும்."

நான் சிரித்தேன். ரோசா சிரிக்கவில்லை. அவர் வேறொரு தாளைத் தேடி உள்ளே போனதும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவன் பயப்பிடுறான். விசாவுக்கு இல்லை. அப்பாவுக்கு." அடுப்பை அணைத்துவிட்டு, "அப்பா ஈஸ்டர் வரைக்கும் இருப்பாரோ தெரியாது" என்றாள்.

பிரான்ஸ் விசா முதலில் கிடைத்தது. இத்தாலி விசாவுக்கான படிவத்தை அலுவலகத் தட்டச்சு இயந்திரத்தில் நான் அடித்தேன். தப்பாக அடித்துவிடுவோமோ என்று அவர் பயந்ததால் என் தலையில் விழுந்த வேலை. மூன்று தாள், நடுவே இரண்டு கார்பன். வெளியே ட்ராம் தண்டவாளத்தைப் பெயர்க்கும் இயந்திரம் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. அவர் தாள்களை வெளிச்சத்தில் பிடித்தபடி, ஜன்னலோரம் நின்று ஒவ்வொரு பதிலாகக் கத்தினார். பதினெட்டு எழுத்துள்ள அவருடைய அப்பா பெயரைப் பதினோரு முறை கத்தினார். கடைசியில் 'எத்தனை தடவை நுழைவு' என்ற கட்டம் வந்தது.

"மூண்டு!" என்று கத்தினார். இரண்டே போதும், ஒன்று பாதுகாப்புக்கு.

என் காதில் "ஒண்டு" என்று விழுந்தது.

"ஒண்ணா?" என்று கத்தினேன்.

அவர் காதில் "மூணா?" என்று விழுந்திருக்கிறது.

"ஓம், ஓம்!"

அந்தத் தட்டச்சு இயந்திரத்தில் ஒன்று என்ற எண்ணே கிடையாது. ஆங்கிலச் சின்ன 'எல்' எழுத்தைத்தான் அடிக்கவேண்டும். அடித்தேன்.

அப்பா பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர் கண்ணுக்கு அந்த ஒற்றைக் கோடு தப்பிவிட்டது. பத்து நாள் கழித்துப் பாஸ்போர்ட்டோடு அவர் மாடியேறி வந்த வேகத்தைப் பார்த்து, கட்டடத்தில் தீ என்று நினைத்தேன். விசாப் பக்கத்தை என் மூக்குக்கு நேரே பிடித்தார். "தம்பி, நான் மூண்டு கேட்டன். அவங்கள் ஏழு தந்திருக்கிறாங்கள்!"

பார்த்தேன். முத்திரைக்குள் நீல மையில், நீண்ட மூக்கோடு, அழகான ஏழு. எனக்கும் அது ஏழாகத்தான் தெரிந்தது. ஐரோப்பியர்கள் ஒன்று என்ற எண்ணுக்கு அப்படி ஒரு மூக்கு வைத்து எழுதுவார்கள் என்பது மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் சொல்லித்தராத விஷயம்.

"ரோசாவைக் கட்டினதுக்கு மரியாதை!" என்றார். வாழ்நாளில் அவர் சரிபார்க்காமல் நம்பிய ஒரே எண் அதுதான்.

மூன்றாவது பிரதிக் கோப்பை என் இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியையும் என்னிடமே கொடுத்துவிட்டு, இருவரும் விமானம் ஏறினார்கள்.

ஈஸ்டருக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு அலுவலகத்துக்குத் தந்தி வந்தது. எல்லை ஊர் ரயில் நிலையத்திலிருந்து. "ஏழு அல்ல ஒன்று. உள்ளே விடவில்லை. உம்மிடம் உள்ள கோப்போடு தூதரகம் செல்லவும்."

முதலில் ஒன்றும் புரியவில்லை. இழுப்பறையைத் திறந்து படிவத்தின் கார்பன் பிரதியை எடுத்தேன். கடைசிக் கட்டத்தில் ஒற்றை 'எல்' நின்றுகொண்டிருந்தது. ஜன்னல், இயந்திரச் சத்தம், "ஓம், ஓம்" எல்லாம் நினைவுக்கு வந்தன.

இருந்த ஒரே நுழைவை ரோமில் இறங்கிய அன்றே செலவழித்துவிட்டார். இப்போது பிரான்ஸ் பக்கம் நிற்கிறார்கள். அங்கிருந்து மலைக்கு அந்தப் பக்கம், சில மணி நேரப் பயணத்தில், ஒரு கிழவர் படுக்கையில் காத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை முதல் எல்லா அலுவலகமும் ஈஸ்டருக்கு மூடிவிடும். இடையில் அந்த நெஞ்சு நின்றுவிட்டால், அதை நிறுத்தியது என் வலது கை ஆள்காட்டி விரல்.

கோப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தூதரக அலுவலகத்தில், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்த ஒரு அம்மாள் இருந்தார். விண்ணப்பித்தவர் கேட்டது மூன்று, தவறாக அடித்தவன் நான், தண்டிப்பதானால் என்னைத் தண்டியுங்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் கோப்பைப் புரட்டத் தொடங்கினார். பிறப்பு, கல்யாணம், அம்மை, வாடகைச் சீட்டு, தலைமை ஆசிரியர் கொடுத்த நன்னடத்தைச் சான்று. மீசை அளவு எழுதிய தாளில் கொஞ்ச நேரம் நின்றார்.

"இந்த மனிதர் இத்தாலிக்குள் நுழையப் பார்க்கிறாரா, இத்தாலியை விலைக்கு வாங்கப் பார்க்கிறாரா?"

என்னால் சிரிக்க முடியவில்லை. அடுத்த தாள், ரோசாவின் அப்பா எழுதிய கடிதம். அதை அவர் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த அப்பா இப்போது உயிரோடு இருக்கிறாரா?"

"தெரியவில்லை, மேடம்."

எழுந்து உள்ளே போனார். டெலக்ஸ் இயந்திரம் தடதடக்கும் சத்தம் கேட்டது. எல்லைக்குப் பக்கத்தில் உள்ள தங்கள் அலுவலகத்துக்கு எழுதியிருப்பதாகவும், முடிவு செய்யவேண்டியவர்கள் அவர்கள்தான் என்றும் சொல்லி அனுப்பினார்.

புதன்கிழமை ஒரு செய்தியும் இல்லை. வடக்கே போகவேண்டிய ஒரு குழாயைத் தெற்கே திருப்பி வரைந்தேன். டெலிபோன் அடித்தபோதெல்லாம் மாடியே என்னைத் திரும்பிப் பார்த்தது. வியாழக்கிழமை காலையில் மறுபடி போய்க் காத்திருந்தேன். அந்த அம்மாள் வெளியே வந்து, "அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஆனால் உங்கள் நண்பர் அதற்குள் என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியாது" என்றார். நன்றி சொன்னேனா என்பதுகூட எனக்கு நினைவில்லை.

அங்கே நடந்ததை, அவர்கள் திரும்பி வந்த பிறகு அதே குசினியில் ரோசாதான் சொன்னாள்.

ரயிலை நிறுத்தி இவரை மட்டும் இறங்கச் சொல்லியிருக்கிறார்கள். அவள் பாஸ்போர்ட்டைப் பார்த்து, நீங்கள் போகலாம் என்று சல்யூட் அடித்திருக்கிறார் அதிகாரி. "இவன் சொன்னான், நீ போ, அப்பாவைப் பார், நான் ஸ்டேசனிலை இருக்கிறன் எண்டு. நான் சொன்னன், டேய், வாயை மூடு. பெட்டியை எடுத்துக்கொண்டு நானும் இறங்கினன்."

நிலையத்துக்கு எதிரே ஒரு பேக்கரியின் மாடியில் அறை எடுத்திருக்கிறார்கள். ரோசா ஊருக்குப் போன் செய்து பக்கத்து வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னாள். அப்பாவிடம் பதமாகச் சொல்லும்படி கெஞ்சினாள். மூண்டு கொப்பி மூன்று நாளும் பேக்கரிக்கும் நிலையத்துக்குமாக நடந்தார். "அவர் என்னைக் கூப்பிட்டார். ஒருக்கால்தான் கூப்பிட்டார். அதுக்கும் நான் போகேல்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம்.

வியாழன் மதியம், நிலைய வாசலில் ஒரு காய்கறி வேன் வந்து நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் ஓட்ட, உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே கம்பளியைப் போர்த்துக்கொண்டு, படுக்கையைவிட்டு எழக்கூடாதென்று டாக்டர் சொன்ன அந்தக் கிழவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எல்லையில் தடை ஏது, சொந்த ஊர்க்காரர் போல் வந்துவிட்டார். மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலாக அவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மூண்டு கொப்பி பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

கிழவர் வெரிபீ ஆங்கிலத்தில் கேட்ட முதல் கேள்வி: "கல்யாணப் பேப்பர் இருக்கா?"

இருந்தது. நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முத்திரை வரைக்கும் ஒரு வரி விடாமல் படித்தார் கிழவர். பிறகு அதை நான்காக மடித்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பெஞ்சில் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினார்.

"இவன் இருந்தான். இருந்து அழுதான்" என்றாள் ரோசா. "அப்பாவும் அழுதார். நான் ரெண்டு பேருக்கும் பேக்கரியிலை பாண் வாங்கப் போனன்."

அனுமதி கிடைத்த செய்தி அதற்குப் பிறகுதான் அவர்களுக்கு வந்தது. எல்லாரும் அந்த வேனிலேயே எல்லையைத் தாண்டினார்கள். ஈஸ்டரை அவரோடு கொண்டாடினார்கள். ஆவணி மாதத்தில் கிழவர் கண்ணை மூடியதாகக் கடிதம் வந்தது.

ரோசா இதையெல்லாம் சொல்லி முடித்து எழுந்து போன பிறகு, நான் கதிரையை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"அண்ணே, ஒரு விஷயம். அந்தப் படிவத்துல ஒண்ணுன்னு அடிச்சது நான்தான்."

முதல் தடவையாக அவரை அண்ணே என்று கூப்பிட்டது அப்போதுதான். அவர் தேநீரை ஊதிக் குடித்தார்.

"தெரியும். எல்லையிலை என்ரை கொப்பியை எடுத்துப் பாத்தனான்."

"அப்போ தந்தியில ஒரு வார்த்தை சொல்லலையே?"

"அங்கை நான் அழுத மாதிரி இஞ்சை நீரும் இருந்து அழுவீர். பிறகு ஆர் தூதரகத்துக்கு ஓடுறது?" குரலைத் தாழ்த்தினார். "ரோசாவுக்கு, நான்தான் ஒண்டு எண்டு சொன்னனான் எண்டு சொல்லியிருக்கிறன். நீர் உளறிப்போடாதையும்."

அடுத்த வருடம் எனக்குக் கல்யாணமானது. என் மனைவிக்கு விசா கிடைத்து, அவள் மதுரையிலிருந்து தனியாக வந்து இறங்கியது ஜூலை மாதம். மெல்போர்னில் எலும்பைக் குத்தும் குளிர். விமானம் பிற்பகல் மூன்று மணிக்கு. நான் ஒரு மணிக்கே டல்லமரீன் விமான நிலையத்துக்குப் போய்விட்டேன். தடுப்புக் கம்பிக்குப் பக்கத்தில், முதல் ஆளாக, மூண்டு கொப்பி நின்றுகொண்டிருந்தார். கையில் ரோசாவின் கம்பளிக் கோட்டு. நான் வரச் சொல்லவில்லை, அவராகவே லீவு போட்டுவிட்டுக் காலை ஒன்பது மணியிலிருந்து நிற்கிறாராம். உள்ளேயிருந்து ஒவ்வொரு முகம் வெளியே வரும்போதும், "இதுவோ? இல்லையோ? மறிச்சுப்போட்டாங்களோ?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கை என் கையைவிடக் குளிர்ந்திருந்தது.

அவளை யாரும் மறிக்கவில்லை. நைலக்ஸ் புடவையில் நடுங்கிக்கொண்டு வெளியே வந்தாள். நான் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே, அவர் போய் அந்தக் கோட்டை அவள் தோளில் போட்டு, "வாங்கோ பிள்ளை, இனிப் பயமில்லை" என்றார்.

அவர் இறந்து வெகுகாலமாகிறது. எந்த ஊர் விமான நிலையத்தில் இறங்கினாலும், வெளியே காத்திருக்கும் கூட்டத்தில் அந்த மீசையை ஒரு முறை தேடிவிட்டுத்தான் நான் பெட்டியைத் தள்ளுகிறேன்.